பழைய பிக்கப்புக்கு நாடி பார்த்த கதை

இந்தப் பக்கத்துல நெல்லு, மாடு, முறைத்தண்ணி, மடைச் சண்டைன்னே படிச்சுப் பழகினவங்க இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கணும். எழுதப்போறது பழைய அமெரிக்கப் பிக்கப் வண்டிகளோட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பத்தி. அதுக்கு நோவு வந்தா என்ன நோவுன்னு கண்டுபிடிக்க மனுஷன் கத்துக்கிட்ட கதை.

டெல்டா விவசாயிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. எங்க ஊரில் என் வயசு ஆம்பளைகளில் பாதிப் பேர் வளைகுடா போய் வந்தவங்கதான். நான் 1992-லிருந்து 1999 வரைக்கும் சவூதியில், தம்மாம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹெல்பராக இருந்தேன். மேஸ்திரி பெஷாவர்காரர், எல்லாரும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். ஜப்பான் பிக்கப்புகள் பெரும்பாலும் கையால் கியர் போடுகிறவை. அமெரிக்க வண்டி என்றால் ஆட்டோமேட்டிக். ஜிஎம்சி வண்டியை அங்கே ‘ஜிம்ஸ்’ என்பார்கள். எங்களிடம் வருவதெல்லாம் பத்து, இருபது வருஷம் ஓடித் தேய்ந்தவை. வாங்கினவர்களும் பெரிய ஆட்கள் இல்லை. காய்கறி ஏற்றுகிறவர், தண்ணி டேங்க் வைத்து ஓட்டுகிறவர், ஏ.சி. ரிப்பேர் செய்கிறவர். கியர்பாக்ஸ் போச்சு என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் வண்டி விலையே அதற்குப் போய்விடும். அதனால் ‘போச்சு’ என்கிற வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் எதையெதைப் பார்க்கணும் என்பதுதான் அங்கே உண்மையான தொழில்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிடுறேன். தெரியாமல் நோவு புரியாது.

மோனோபிளாக் மோட்டார் பம்பு பார்த்திருப்பீங்க. உள்ளே இம்பெல்லர் சுற்றித் தண்ணியை வீசும். அப்படி வீசுகிற இடத்துக்கு எதிரே இன்னொரு சக்கரத்தை வைத்தால் அந்தத் தண்ணி பட்டு அதுவும் சுற்றும். இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. தண்ணிக்குப் பதிலா எண்ணெய், மூடின பாத்திரம், நடுவில் எண்ணெயைத் திருப்பிவிட ஒரு சின்னச் சக்கரம். இதுதான் டார்க் கன்வெர்ட்டர். இன்ஜின் ஓடிக்கொண்டே வண்டி நிற்பது இதனால்தான். ஊரில் மண் அள்ள வரும் பேக்ஹோ வண்டியில் முன்னே பின்னே லீவரைத் தட்டினதும் கிளட்ச் மிதிக்காமல் நகருதே, அதிலும் இதே சாமான் இருக்கு.

அதற்குப் பின்னால் பல்சக்கரங்கள், கிளட்ச் பிளேட்டுகள், டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பேண்ட் என்கிற பட்டைகள். எதைப் பிடிக்கணும், எதை விடணும் என்று முடிவு செய்வது வால்வ் பாடி. அதைக் கழற்றிப் பார்த்தால் எனக்கு எங்க ஊர் வாய்க்கால்தான் ஞாபகம் வரும். அலுமினியக் கட்டியில் வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால்கள், நடுவில் விரல் மொத்தம் மடைகள். வண்டி வேகம் கூடக் கூட ‘கவர்னர்’ என்கிற ஒரு சாமான் அனுப்பும் எண்ணெய் மடையை ஒரு பக்கம் தள்ளும். ஆக்சிலேட்டர் மிதி அதை எதிர்ப்பக்கம் தள்ளும். எது ஜெயிக்குதோ அந்தக் கியர். மெல்ல மிதித்தால் கியர் சீக்கிரம் மாறுவதும், அழுத்தி மிதித்தால் தாமதமாக மாறுவதும் இந்தத் தள்ளுமுள்ளுதான். கம்ப்யூட்டர் கிடையாது, மின்சாரம் கிடையாது. எண்ணெயே வேலை செய்து எண்ணெயே யோசித்த காலம் அது.

திரவம் வழியாகச் சக்தியைக் கடத்தும் யோசனை முதலில் கப்பலுக்காக வந்தது. ஜெர்மானியர் ஹெர்மான் ஃபோட்டிங்கர், ஸ்டெட்டின் துறைமுகத்தில் வல்கன் கப்பல் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தவர், 1905-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நீராவி டர்பைன் வேகமாகச் சுற்றும், கப்பலின் விசிறி மெதுவாகச் சுற்றணும். இரண்டுக்கும் நடுவே திரவத்தை நிறுத்தினார். கார் பக்கம் வந்தால், ஜெனரல் மோட்டார்ஸில் ஏர்ல் தாம்சன் என்ற இன்ஜினியரின் குழு செய்த ஹைட்ராமேட்டிக், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்தது. கூடுதலாக 57 டாலர் கொடுத்தால் கிளட்ச் மிதி இல்லாத வண்டி. நாலு கியர். அடுத்து யுத்தம் வந்து, எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில் இரண்டு காடிலாக் இன்ஜினும் இரண்டு ஹைட்ராமேட்டிக்கும் போட்டார்கள். போரில் தேறின சாமான் என்று பிறகு விளம்பரம் செய்ய அது வசதியாகப் போயிற்று.

பிக்கப்புக்கு இது வர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. ஃபோர்டு 1953-இல் எஃப்-100 பிக்கப்பில் ஃபோர்டோமேட்டிக் கொடுத்தது. 1954-இல் செவர்லே பிக்கப்பில் ஹைட்ராமேட்டிக். லாரிக்காரனுக்கும் விவசாயிக்கும் அதன் மேல் நம்பிக்கை சட்டென்று வரவில்லை என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. எனக்கே இன்னும் டிராக்டரில் கிளட்ச் காலில் படணும். கார் ஆளைச் சுமக்கிறது, பிக்கப் பாரத்தைச் சுமக்கிறது. பாரம் ஏற்றி, பின்னால் டிரெய்லரும் கட்டி, மேடு ஏறினால் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் கொதிக்க ஆரம்பிக்கும். சூடுதான் இந்தப் பெட்டிக்கு எமன்.

ஆரம்ப கால மெக்கானிக்கிடம் இருந்த கருவிகள் நாலுதான்: கண், மூக்கு, ஒரு பிரஷர் கேஜ், ஒரு ஆர்.பி.எம். மீட்டர்.

கண்ணும் மூக்கும் டிப்ஸ்டிக்கில் ஆரம்பிக்கும். எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் போட்டிருப்பார்கள். தரையில் சொட்டினால் இன்ஜின் ஆயில் இல்லை, கியர்பாக்ஸ் ஆயில் என்று தெரியணும். நல்ல எண்ணெய் செம்பருத்திப் பூவைப் பிழிந்த மாதிரி இருக்கும். பழுப்பாகிக் கருகின வாசம் வந்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கு. ரோஸ்மில்க் மாதிரி வெளிறி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் தண்ணி கலந்துவிட்டது. பிளேட்டில் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற படலம் அந்தத் தண்ணியில் ஊறி உரிந்து வரும். இதைப் பார்த்தும் வண்டியை ஓட்டினவர்கள் உண்டு. நுரை கட்டியிருந்தால் எண்ணெய் அளவு கூடுதல், இல்லை ரொம்பக் குறைவு.

அளவு பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம். இன்ஜின் ஆயில் மாதிரி வண்டியை அணைத்துவிட்டுப் பார்க்கக் கூடாது. சூடேற ஓட்டி, சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே குச்சியை எடுக்கணும். அந்தக் காலத்து ஜி.எம்., ஃபோர்டு வண்டிகளில் பார்க்கில் வைத்து. கிறைஸ்லரின் டாட்ஜ் பிக்கப்பில் நியூட்ரலில் வைத்து. ஏனென்றால் பழைய டார்க்ஃபிளைட் பாக்ஸ் பார்க்கில் இருக்கும்போது கன்வெர்ட்டருக்கு எண்ணெய் அனுப்பாது, குச்சி பொய் சொல்லும். இது தெரியாமல் எண்ணெயைக் கொட்டிக் கொட்டி நிரப்பினவர்கள் கதை உஸ்தாத்திடம் நிறைய இருந்தது.

அடுத்தது எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் பார்ப்பது. உள்ளே ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது வயசுத் தேய்மானம். மின்னும் செதில்களோ, பித்தளைத் துணுக்கோ, கருப்புத் தூளோ குவிந்திருந்தால்தான் பாக்ஸைப் பிரிக்கும் பேச்சு.

பிரஷர் கேஜை பாக்ஸின் துளையில் மாட்டினால் வாய்க்காலில் எவ்வளவு தண்ணி வருதுன்னு பார்க்கிற மாதிரி. தலைமடையிலேயே அழுத்தம் இல்லையா, பம்போ வடிகட்டியோ. தலைமடையில் இருந்தும் கடைமடைக்கு எட்டவில்லையா, நடுவில் எங்கேயோ சீல் கசியுது. ஆர்.பி.எம். மீட்டரை வைத்து ‘ஸ்டால்’ சோதனை: பிரேக்கை முழுசா மிதித்துக்கொண்டு, கியரில் வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துவது. ஐந்து வினாடிக்கு மேல் கூடாது, எண்ணெய் வெந்துவிடும். முன்னால் யாரும் நிற்கவும் கூடாது. இன்ஜின் குறிச்ச அளவைத் தாண்டி எகிறினால் கிளட்ச் வழுக்குது. அளவுக்கே வரவில்லை என்றால் கன்வெர்ட்டரின் நடுச்சக்கரம் பழுது, அல்லது இன்ஜினே பலமில்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பிடிச்சது அட்டவணைதான். ஒர்க்‌ஷாப் புத்தகத்தில் ஒரு பக்கம் எந்தக் கியருக்கு எந்தக் கிளட்ச் பிடிக்கும் என்று போட்டிருக்கும். 1964-இல் வந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 400, 1969-இல் வந்த 350, இரண்டிலும் மூணாவது கியருக்கும் ரிவர்ஸுக்கும் பொதுவாக ஒரு கிளட்ச் உண்டு. மூணாவதும் இல்லை, ரிவர்ஸும் இல்லை, முதலும் இரண்டாவதும் நன்றாக இருக்கு என்றால் பிரிக்காமலே அந்தக் கிளட்ச்தான் என்று சொல்லிவிடலாம். இரண்டு வயலுக்கும் ஒரே கன்னி வாய்க்கால். இரண்டும் காய்ந்து கிடந்தால் வயலில் போய் என்ன தேடுவது? டார்க்ஃபிளைட்டில் இரண்டாவது கியர் மட்டும் வழுக்கினால் முன் பேண்ட் தளர்ந்திருக்கலாம். அதன் திருகு பாக்ஸுக்கு வெளியிலேயே இருக்கு, ஸ்பேனர் வேலை. அந்தப் புத்தகத்தை எழுதினவர்கள் நல்ல மனசுக்காரர்கள்.

எண்ணெய்க்கு வருவோம், ஏனென்றால் இதில் பலருக்குத் தெரியாத ஒரு கதை இருக்கு. ஜி.எம். 1949-இல் ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்கென்று ‘டைப் ஏ’ எண்ணெய்க்கு இலக்கணம் வகுத்தது. 1967-இல் டெக்ஸ்ரான் வந்தது. கிளட்ச் வெடுக்கென்று பிடிக்காமல் வழவழவென்று பிடிக்க அதில் ஒரு சேர்மானம் வேண்டும். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயிலிருந்து. அயோவாவில் சோளம் ஏற்றின பிக்கப்பில் கடல் திமிங்கலம் ஓடிக்கொண்டிருந்தது. 1970-இல் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது, எண்ணெய் வரத்து நின்றது. பதிலுக்கு டெக்ஸ்ரான்-2 வந்தது. அதன் முதல் கலவை கூலரின் பற்றவைப்பை அரிக்க, திருத்தி மறுபடி செய்தார்கள். ஃபோர்டு தனி வழி. அவர்களின் ‘டைப் எஃப்’ எண்ணெயில் அந்த வழவழப்புச் சேர்மானமே கிடையாது, கெட்டியாகப் பிடிக்கணும் என்று அப்படி. ஆகவே கியர் வெடுக்கென்று விழுகிறது, அல்லது இழுத்து இழுத்து மாறுகிறது என்று வந்தால், முதல் கேள்வி: கடைசியாக என்ன எண்ணெய் ஊற்றினீங்க?

இப்போ நான் கண்ணால் பார்த்த ஒன்று. நம்ம கடலூர் பக்கத்து அண்ணன் ஒருத்தர், பன்னிரண்டு வருஷம் சேர்த்த காசில் ஒரு பழைய பிக்கப் வாங்கிக் காய்கறி போட்டுக்கொண்டிருந்தார். வண்டி வெள்ளைப் புகை விடும், கியர் தாமதமாக மாறும், வாரா வாரம் கியர் ஆயில் குறையும், ஆனா தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. வேற ஒரு இடத்தில் இன்ஜினும் போச்சு, பாக்ஸும் போச்சு, வித்துடுங்க என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் எங்க வாசலில் உட்கார்ந்து வீட்டுக்குக் காசு அனுப்ப முடியாது தம்பி என்று சொன்னது இன்னும் காதில் இருக்கு. உஸ்தாத் பாக்ஸைத் தொடவே இல்லை. இன்ஜினிலிருந்து பாக்ஸுக்குப் போகும் ஒரு சின்ன ரப்பர் குழாயை உருவி, வாயில் விரல் விட்டார். விரல் சிவப்பு எண்ணெயோடு வந்தது.

அதுதான் வாக்குவம் மாடுலேட்டர். டர்போ ஹைட்ராமேட்டிக்கிலும், ஃபோர்டு 1966-இல் கொண்டுவந்த சி6 பாக்ஸிலும் உண்டு. இன்ஜின் உறிஞ்சும் காற்றின் பலத்தைப் பார்த்து ஓட்டுகிறவர் எவ்வளவு மிதிக்கிறார் என்று பாக்ஸுக்குச் சொல்லும் டப்பா. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. சவ்வு கிழிந்தால் இன்ஜின் பாக்ஸிலிருந்து எண்ணெயை உறிஞ்சி எரித்துவிடும். அதான் வெள்ளைப் புகை, அதான் சொட்டாமலே குறைவது. டப்பா உள்ளங்கையில் அடங்கும். மாட்டினோம், எண்ணெய் நிரப்பினோம், மத்தியானத் தொழுகைக்கு முன்னால் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நோவு கண்டுபிடிக்கத் தவறினால் காசு மட்டும்தான் போகும் என்று நினைக்காதீங்க. ஆரம்பகால ஹைட்ராமேட்டிக்கில் லீவர் வரிசை நியூட்ரல், டிரைவ், லோ, ரிவர்ஸ். பார்க் என்று தனியாகவே கிடையாது. இன்ஜினை அணைத்து ரிவர்ஸில் விட்டால் பூட்டிக்கொள்ளும். முன்னே போகும் கியருக்கு ஒட்டினாற்போல் ரிவர்ஸ் இருப்பது ஆபத்து என்று, 1968-லிருந்து நடுவில் நியூட்ரல் கட்டாயம் என்று சட்டம் வந்தது. அதன் பிறகும் 1970களில் ஃபோர்டு வண்டிகள் மேல் பெரிய புகார்: பார்க்கில் வைத்ததாக நினைத்து இறங்கினால், லீவர் பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவே நின்றுகொண்டு, அதிர்வில் ரிவர்ஸுக்குத் தாவி, வண்டி தானாகப் பின்னால் வரும். உயிர்ச்சேதம் ஆனது. கம்பெனி இது ஓட்டுகிறவர்களின் கவனக்குறைவு என்றது. 1980 முடியும்போது அரசாங்கமும் கம்பெனியும் ஒரு உடன்பாட்டுக்கு வந்து, சுமார் 2.3 கோடி வண்டிக்காரர்களுக்குக் கண்ணாடி முன்னால் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் அனுப்பினார்கள். பார்க்கில் சரியாக விழுந்ததா பாருங்கள், கை பிரேக் போடுங்கள், இன்ஜினை அணையுங்கள் என்று. ஸ்டிக்கரை மருந்து என்று நான் ஒத்துக்கமாட்டேன். லீவர் லொடலொடவென்று ஆடினால், புஷ் தேய்ந்திருந்தால், அதையும் கியர்பாக்ஸ் நோவாகவே எடுத்துப் பார்க்கணும் என்று உஸ்தாத் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

1980களில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஓவர்டிரைவ் என்று நாலாவது கியர் வந்தது. ஜி.எம். 1982-இல் கொண்டுவந்த 700-ஆர்-4 பாக்ஸில் வாக்குவம் டப்பா இல்லை, அதற்குப் பதில் ஆக்சிலேட்டரிலிருந்து ஒரு கேபிள். பார்க்க சாதாரண கேபிள். அதை ஸ்கூட்டர் ஆக்சிலேட்டர் கேபிள் மாதிரி நினைத்துத் தளர்வாக விட்டால் உள்ளே எண்ணெய் அழுத்தம் குறைந்து, மூணாவது நாலாவது கியரின் கிளட்ச் கொஞ்ச நாளில் கருகிவிடும். கார்புரேட்டரை மாற்றினவன் கேபிளைச் சரியாக மாட்டாமல் விட, பழி பாக்ஸ் மேல் விழும். கன்வெர்ட்டரை நேராகப் பூட்டிவிடும் லாக்கப் கிளட்ச்சும் இந்தக் காலத்தில் பரவலானதுதான். அது விடாமல் மாட்டிக்கொண்டால், சிக்னலில் நிறுத்தும்போது கிளட்ச் மிதிக்காமல் பிரேக் போட்ட மாதிரி இன்ஜின் அணையும். இன்ஜின் கோளாறு என்று பிளக் மாற்றுவார்கள், பாவம்.

அப்புறம் கம்ப்யூட்டர். ஃபோர்டின் ஈ4ஓடி 1989-இல், ஜி.எம். பிக்கப்பில் 4எல்60-ஈ 1993-இல். நான் அங்கே இருந்தபோதே இவை ஒர்க்‌ஷாப்புக்கு வர ஆரம்பித்துவிட்டன. கவர்னரும் கேபிளும் போய், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டு வந்தது. 4எல்60-ஈ-யில் இரண்டு சோலினாய்டுக்கும் மின்சாரம் போகவில்லை என்றால் பாக்ஸ் மூணாவது கியரில் நிற்கும். வண்டி முதல் கியர் இல்லாமல் முக்கி முனகிக் கிளம்பும். கிளட்ச் போயிடுச்சு என்றுதான் யாருக்கும் தோன்றும். பாதி நேரம் பியூஸ். ஈ4ஓடி-யில் ஓவர்டிரைவ் விளக்கு கண் சிமிட்டினால் உள்ளே ஒரு குறியீடு பதிவாகியிருக்கு என்று அர்த்தம்.

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார், சின்ன டிரக் எல்லாவற்றிலும் ஓபிடி-2 கட்டாயம். ஸ்கேனரை மாட்டினால் எண் வரும். எண் வந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைப்பது இன்றைய வியாதி. பி1870 என்று ஜி.எம். பிக்கப்பில் ஒரு எண் உண்டு, ‘பாக்ஸ் வழுக்குது’ என்று பொருள். அதைப் படித்துப் பாக்ஸையே மாற்றினவர்கள் உண்டு. பல வண்டியில் அசல் காரணம் வால்வ் பாடியில் ஒரு மடைதான். இரும்பு வால்வு அலுமினியத் துளையில் ஆடி ஆடித் துளை அகன்று, எண்ணெய் பக்கத்தில் கசிந்து, லாக்கப் கிளட்ச் வழுக்கும். நண்டு வளை வைத்த வரப்பு மாதிரி. துளையைக் கடைந்து புஷ் போடலாம், அல்லது வால்வ் பாடியை மட்டும் மாற்றலாம். பாக்ஸை இறக்கவே வேண்டாம், தொட்டியைக் கழற்றினால் போதும்.

இப்போ வருகிற பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது. ஜாக்கியில் ஏற்றி, எண்ணெய் குறிச்ச சூட்டுக்கு வந்ததும் அடியில் ஒரு பிளக்கைத் திறந்து, சொட்டுதா என்று பார்க்கணும். உங்க வண்டி அந்த ரகமா, குச்சி உள்ள ரகமா, குச்சி என்றால் பார்க்கிலா நியூட்ரலிலா என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கும். அது பெரும்பாலும் டேஷ்போர்டு டப்பாவில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடக்கும்.